சீனர்களின் மூன்கேக் திருவிழாவுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

கேள்வி: சிங்கப்பூர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி என் மகனைச் சொந்தப் பேரன் மாதிரி பார்த்துக்கொள்கிறார். அவருக்கு மனசாரப் பிடிக்கிற மாதிரி ஏதாவது கொடுக்க வேண்டும். அழகான சுவர்க் கடிகாரம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், சரியா?

பதில் 1: கடிகாரம் மட்டும் வேண்டாங்க! சீனத்தில் 'கடிகாரம் கொடுப்பது' என்று சொன்னாலே இறுதிக் கடன் செய்வது போலக் காதில் விழும், அதுவும் வயசானவருக்கு. பேரிக்காயும் கூடாது, அதில் 'பிரிவு' என்ற ஒலி இருக்கிறது. பம்பளிமாஸ் இந்தத் திருவிழாவுக்கே உரிய பழம், நல்லதாக 2 வாங்குங்கள்.

பதில் 2: இந்தத் திருவிழாவின் இனிப்புப் பண்டமான மூன்கேக்கும் கொடுக்கலாம். பெட்டியில் பெரும்பாலும் 4 இருக்கும், 4 சீனர்களுக்கு ஆகாத எண்தான், ஆனால் மூன்கேக்குக்கு யாரும் அதைப் பார்ப்பதில்லை. பாட்டிக்குச் சர்க்கரை இருந்தால் நல்ல சீனத் தேயிலை போதும். சீன நாட்காட்டியில் எட்டாம் மாதம் 15ஆம் நாள் பௌர்ணமிதான் திருவிழா, அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இரண்டு கையாலும் நீட்டுங்கள்.

கேட்டவர்: நல்லவேளை கேட்டேன், நன்றி! பம்பளிமாஸும் தேயிலையும் வாங்குகிறேன், அப்புறம் பையன் கையால் ஒரு காகித விளக்கு.