மறு: மடிக்கணினி வைஃபை அட்டை: ‘கீ’ என்பதற்குக் ‘காடி’

வணக்கம்.

மடிக்கணினியை வைஃபையில் இணைக்கிற அட்டையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், ‘கம்பியில்லாப் பிணைய இடைமுக அட்டை’ என்று ஐயா தந்த சொல்லில் பிழை ஒன்றும் இல்லை. பாடநூலில் தாராளமாக இருக்கட்டும். ஆனால் இங்கே டவுன்ஹால் ரோட்டுக் கடையில் நின்று அதைச் சொல்லி முடிப்பதற்குள், கடைக்காரர் அடுத்த ஆளுக்குப் பில் போட்டு அனுப்பியிருப்பார். ‘வைஃபை கார்டு இருக்காண்ணே’ என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். எழுத்தில் ‘வைஃபை அட்டை’ போதும். வைஃபையை ‘அருகலை’ என்று தமிழாக்கி ‘அருகலை அட்டை’ என்று எழுதுபவர்கள் அப்படியே எழுதட்டும். போதாக்குறைக்கு, அந்தக் கம்பியில்லா அட்டையின் தலையில் இரண்டு கம்பிகள் மாட்டியிருக்கும்! கீல் வழியாக ஏறித் திரைச் சட்டத்துக்குள் போகிற அலைவாங்கிக் கம்பிகள் அவை.

அட்டை வாங்கப் போகிறவர் உண்மையில் தடுக்கி விழுவது வேறு இடத்தில். இன்றைய மடிக்கணினிகளில் வைஃபை அட்டை பெரும்பாலும் எம்.2 எனப்படும் செருகு அட்டை வகை, 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம், அதனால் 2230 என்று பெயர். அதே 2230 அளவில், கோப்புகளைச் சேமிக்கிற எஸ்எஸ்டியும் வருகிறது. இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாமல் இருக்க, தங்க முலாம் பூசிய விளிம்பில் ஒரு சிறு வெட்டு விட்டிருப்பார்கள். அட்டை நுழைகிற செருகுவாயின் (ஸ்லாட்) உள்ளே அதற்கு நேராக ஒரு தடுப்பு இருக்கும். இந்த ஏற்பாட்டைத்தான் ஆங்கிலத்தில் ‘கீ’ என்கிறார்கள். வெட்டு எந்த இடத்தில் என்பதை ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள்: எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் எம், வைஃபைக்கு ஏ அல்லது ஈ.

இதை ‘விசை ஈ’ என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் விசைப்பலகையில் ஈயைத் தேடுவார். ‘திறவுகோல்’ என்றால் பூட்டு எங்கே என்று கேட்பார். தச்சாசாரிகளிடம் இதற்கு நல்ல சொல் இருக்கிறதே: காடி. கதவு நிலையில் கதவு வந்து உட்கார விளிம்போடு ஒரு படி வெட்டி எடுப்பார்கள். ‘காடி எடுக்கிறது’ என்பார்கள். ஒரு பொருள் இன்னொன்றில் சரியாகப் பொருந்துவதற்காக எடுத்த வெட்டு. நமக்கு வேண்டியதும் அதுவே. ஏ-காடி, ஈ-காடி, எம்-காடி என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் தட்டவில்லை. இன்டெல் நிறுவனத்தின் ஏஎக்ஸ்200 போன்ற வைஃபை அட்டைகளில் இரண்டு வெட்டுகள் இருக்கும். அது ஏஈ-காடி, இரண்டு வகைச் செருகுவாயிலும் போகும். காடி என்றால் புளித்த கஞ்சி என்றும் பொருள் உண்டே என்று யாராவது கேட்பீர்கள். மடிக்கணினிக்குள் கஞ்சி ஊற்றுவதாக யாரும் நினைக்கப்போவதில்லை.

சரி, காடி பொருந்திவிட்டால் அட்டை வேலை செய்துவிடுமா? இங்கேதான் இரண்டாவது சொல் தேவைப்படுகிறது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. முதலாவது தன்னிலேயே முழுமையான அட்டை. பொதுவாக, இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் செயலி உள்ள கணினியிலும் ஓடும். இரண்டாவதில் அலையை அனுப்பி வாங்குகிற பகுதி மட்டுமே இருக்கிறது. மீதி வேலையைச் செய்கிற பகுதி இன்டெல் செயலியிலோ அதன் துணைச் சில்லிலோ உட்கார்ந்திருக்கிறது. அதை ஏஎம்டி மடிக்கணினியில் போட்டால் செருகுவாயில் நுழையும், திருகும் இறுகும், ஆனால் கணினிக்கு அப்படி ஒரு அட்டை இருப்பதே தெரியாது. ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 ஜோடியும் இதே கதைதான். கடைசி இலக்கம் ஒன்றில் முடிகிறதா என்று பார்க்காமல் விலை குறைவு என்று ஆன்லைனில் வாங்கிவிட்டு, ‘அட்டை டெட்’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. முதல் வகையை ‘முழு அட்டை’, இரண்டாவதை ‘பாதி அட்டை’ என்று எழுதலாம் என்பது என் முன்மொழிவு. இரண்டாவது வகையின் ஆங்கிலப் பெயரை ‘ஒருங்கிணைந்த இணைப்பு’ என்றெல்லாம் நேராகப் பெயர்த்தால் வாங்குபவருக்குத் தேவையான எச்சரிக்கை அந்தச் சொல்லில் வராது.

அலைவாங்கிக் கம்பியின் முனைக்குப் பெரிய சொல் வேண்டாம், ‘முனைப்பொத்தான்’ போதும். கடுகு அளவில் இருக்கும். நேர்மேலே வைத்து விரல்நுனியால் அழுத்த வேண்டும், சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டையின் பொத்தான் இதைவிடப் பெரியது, எம்.2 அட்டையில் மாட்டாது என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். சில மெல்லிய மடிக்கணினிகளில் அட்டையே தாய்ப்பலகையில் பற்றவைத்து வருகிறது. அவற்றுக்கு இந்த விவாதமே தேவையில்லை. அப்புறம், லினக்ஸ் போட்டவர்களுக்கு ஒரு வரி: ஏஎக்ஸ்210 ஓட, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

செருகுவாயா, செருகிடமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘பாதி அட்டை’யைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்ளவும் சம்மதம். காடியை மட்டும் விடுவதாக இல்லை.