பழைய வார இதழ் விளம்பரங்களில் பெண்கள்: உண்மையில் எது மாறியிருக்கிறது?

கேள்வி: மாயவரம் வாசகி

என் பாட்டி வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்திருந்த மூன்று தொகுதிகள் இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. கதைகளைவிட, அந்தப் பக்கங்களின் ஓரத்திலும் பின்புறத்திலும் தங்கிப்போன விளம்பரங்களையே நான் அதிகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சத்து பானம் ஒன்றின் விளம்பரத்தில், பள்ளியிலிருந்து சோர்ந்து வரும் மகனைப் பார்த்துத் தாய் கலங்கி நிற்கிறாள். தையல் இயந்திர விளம்பரத்தில் புதுமணப்பெண் தலைகுனிந்து தைக்க, கணவன் பின்னால் நின்று பார்க்கிறான். இன்றைய நாளிதழில் மடிக்கணினியோடு பெண்கள் வருகிறார்கள் என்றாலும், மாறியிருப்பது உடுப்பும் பொருளும் மட்டும்தானா, பெண்ணைப் பார்க்கும் விதமும் மாறியிருக்கிறதா என்பது எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் எதை வைத்துக் கணிக்கிறீர்கள்?

மறுமொழி 1: சுவரொட்டி

முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1970களில் நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களை வகைபிரித்துப் பார்த்து, ஆண்கள் பொருளை இறுகப் பிடித்திருப்பதையும், பெண்களின் விரல்கள் பொருளின் விளிம்பை வருடிக்கொண்டோ தொட்டும் தொடாமலோ இருப்பதையும் சுட்டிக்காட்டினார். யார் உயரமாக நிற்கிறார், யார் தலையைச் சாய்த்திருக்கிறார், யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்பவற்றையும் அவர் கவனித்தார். உங்கள் தையல் இயந்திரப் படத்தில் வேலை அவளுடையது, மேற்பார்வை அவனுடையது. மடிக்கணினிப் பெண்ணும் உண்மையிலேயே தட்டச்சு செய்கிறாளா, மூடியின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாளா என்று பாருங்கள்.

மறுமொழி 2: தூரிகை

படத்தில் உள்ள பெண்ணின் நிறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் பல ஆண்டுகள் ஒரு விளம்பர நிறுவனத்தில் படத்திருத்தம் செய்தவள். நகைக்கடை விளம்பரம் ஒன்றுக்காக, கழுத்து நிறைய ஆரமும் பட்டுப்புடவையுமாக நின்ற மாநிறப் பெண்ணின் முகத்தையும் கைகளையும் வெளுக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்ததும் தங்கமும் வெளிறிவிட்டதால், நகையை மட்டும் தனியே வெட்டியெடுத்து அதன் அசல் நிறத்திலேயே திரும்பப் பொருத்தினோம். நகையின் நிறம் மாறக்கூடாது என்பதில் அங்கே இருந்த அக்கறை, அந்தப் பெண்ணின் நிறத்தில் யாருக்கும் இருக்கவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன், அது இன்றும் உறுத்துகிறது.

1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை 2020இல்தான் நீக்கியது. கருத்த பெண்ணுக்கு வரனும் வேலையும் கிடைக்காது என்ற தொனியில் விளம்பரம் செய்யக்கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் குழுமம் 2014இலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. ஆனால் அந்த நெறிமுறை எங்கள் கணினித் திரைவரை வந்து சேரவில்லை.

மறுமொழி 3: வழக்கறிஞர் திருச்சி

பெண்களை அநாகரிகமாகச் சித்தரிப்பதைத் தடைசெய்யும் 1986ஆம் ஆண்டுச் சட்டம், முதல் குற்றத்துக்கு இரண்டாண்டுவரை சிறையும் 2,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் அதன் வரையறை பெண்ணின் உருவத்தையும் உடலையும் சுற்றியே அமைந்திருப்பதால், முழுக்கை ரவிக்கையோடு கலங்கி நிற்கும் அந்தத் தாய் அதன் பிடிக்குள் வரமாட்டாள். மேற்சொன்ன குழுமம் 2022 ஜூனில் பாலின வார்ப்புகள் பற்றி வெளியிட்ட நெறிமுறைதான் அவளை ஓரளவு தொடுகிறது. பெண் சமைப்பதைக் காட்டலாம், ஆனால் வீட்டு வேலை அவள் ஒருத்தியின் கடமை என்று காட்டக்கூடாது என்பது அதன் சாரம். அது விளம்பரத் துறை தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடே தவிர, சட்டம் அன்று.

கைகளைப் பார்த்தால் போதும் என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. யாருடைய அச்சத்தைத் தூண்டிப் பொருளை விற்கிறார்கள் என்பதே என் முதல் கேள்வி. பிள்ளை இளைத்தால் குற்றவாளி தாய்தான் என்ற அந்தப் பழைய அச்சம், இன்றைய சத்து பான விளம்பரத்திலும் அப்படியே இருக்கிறது. அவள் இப்போது அலுவலகம் போய்வந்த களைப்போடு அதைச் சுமக்கிறாள்.

கேள்வி கேட்டவர்: மாயவரம் வாசகி

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மூன்று தொகுதிகளையும் மறுபடி புரட்டினேன். இரண்டாம் தொகுதியில் ஒரு பேனா விளம்பரத்தில் மட்டும் ஒரு பெண் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் நம்மைப் பார்க்கவில்லை, சிரிக்கவுமில்லை, பின்னால் யாரும் நிற்கவுமில்லை. பக்கத்தின் மேற்பகுதி பைண்டிங்கில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஸ்கேன் செய்து நாளை இங்கே இணைக்கிறேன்.