லாரி முன்பக்கமும் தெறிக்கும் கல்லும்: வெளிநாட்டில் வண்டி ஓட்டப் போகும் குமரிக்காரர்களுக்கு

லீவில் தக்கலை வந்திருக்கிறேன். கனடாவுக்கும் வளைகுடாவுக்கும் லாரி ஓட்டக் கிளம்புகிறவர்கள், போய் ஒரு குளிர்காலத்தைப் பார்த்துவிட்டவர்கள், இரண்டு தரப்பும் கேட்பது ஒரே விஷயத்தைத்தான்: கல் தெறித்து வண்டியின் முன்பக்கம் கெடுகிறது, என்ன மாட்டலாம்? தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதுகிறேன்.

கவனிக்க வேண்டிய வரிசை இது: முதலில் முன்னால் போகும் வண்டியிலிருந்து விடும் இடைவெளி. அடுத்தது முன் கண்ணாடி. அதற்கடுத்து கிரில்லுக்கு, அதாவது முன்பக்கக் கம்பிச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் ஏசி கண்டென்சர், ரேடியேட்டர். பெயின்ட் கடைசி. பெரிய இரும்பு பம்பருக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. நம் ஆட்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். சொந்த வண்டி எடுத்ததும் பளபளவென்று ஒரு பம்பர், விரிசல் விட்ட கண்ணாடி மட்டும் அப்படியே.

ஊரில் கல் எங்கிருந்து விழும் என்பது நமக்குத் தெரியும். களியக்காவிளை ரோட்டில் ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரிக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்கு விளக்க வேண்டாம். தார்ப்பாய் சரியாகக் கட்டாத லோடிலிருந்து மேலேயிருந்து உதிரும். கனடாவின் ஆல்பர்ட்டா பக்கம் கல் ரோட்டிலேயே கிடக்கிறது. குளிர்காலத்தில் பனியில் டயர் வழுக்காமல் இருக்க மணலையும் பொடி ஜல்லியையும் உப்போடு கலந்து அரசாங்கமே தூவுகிறது. பனி உருகினாலும் அந்த ஜல்லி போகாது, வசந்தத்தில் கூட்டி அள்ளும் வரை அங்கேயேதான் கிடக்கும். கேல்கரி, லெத்பிரிட்ஜ் பக்கம் சினூக் என்ற வெப்பக்காற்று அடித்தால் நடுக்குளிர்காலத்திலேயே பனி இளகி, கல் மட்டும் வெளியே தெரியும். கோடையிலும் தப்ப முடியாது. தார் ஊற்றி மேலே பொடி ஜல்லி பரப்பிப் புதுப்பிக்கும் ரோடுகளில் முதல் சில நாட்கள் கல் ஒட்டாமல் உருளும். வடக்கே போனால் பல இடங்களில் தார் ரோடே இல்லை. யூகானிலிருந்து இனுவிக் போகும் டெம்ப்ஸ்டர் ஹைவே 700 கிலோமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட முழுக்கச் சரளைக்கல்தான்.

இனி, இடைவெளியை ஏன் முதலில் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். முன்னால் போகும் வண்டியின் டயர் கிளப்பிவிடும் கல் பெரும்பாலும் மேலே எழும்பி விழுகிறது, அவ்வளவுதான். 100 கிலோமீட்டர் வேகத்தில் போய் அதில் மோதுவது நம் வண்டி. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 110-லிருந்து 80-க்குக் குறைத்தால் அடி கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். கொஞ்சம் பின்தங்கி வந்தால் அந்தக் கல் நாம் போய்ச் சேர்வதற்குள் தரையில் விழுந்திருக்கும். வட அமெரிக்காவில் லாரிக்குச் சொல்லித்தரும் கணக்கு, வண்டி நீளத்தில் 10 அடிக்கு ஒரு விநாடி, மணிக்கு 40 மைலுக்கு மேல் போனால் கூடுதலாக ஒரு விநாடி. 70 அடி வண்டிக்கு 8 விநாடி வருகிறது. பிரேக்குக்காகப் போட்ட கணக்குதான், ஆனால் கண்ணாடிக்கும் அதுவே காவல். நடுவில் கார் வந்து நுழையும், நுழையட்டும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஓட்டிப் பழகிய கைக்கு இது கொஞ்சம் கஷ்டம், எனக்கும் புரிகிறது.

இரட்டை டயர்களுக்கு நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். சரளை யார்டை விட்டு ஹைவே ஏறியதும் அது கழன்று பின்னால் வருகிறவர் மீது பாயும். நம் முன்பக்கத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டால் போதாது அல்லவா.

கண்ணாடிக்கு வருவோம். லாரியின் முன் கண்ணாடி இரண்டு தகடு, நடுவில் பிளாஸ்டிக் படலம். அதனால் நொறுங்கி விழாது, ஆனால் வெளித்தகட்டில் சின்னப் புள்ளி விழும். அந்தப் புள்ளியை அன்றைக்கே கவனிக்க வேண்டும். உடனே அதன்மேல் தெளிவான டேப் ஒன்றை ஒட்டுங்கள், அழுக்கும் ஈரமும் உள்ளே போகாது. அப்புறம் கடையில் ரெசின் என்ற பசையை ஏற்றி, புற ஊதா விளக்கில் இறுக வைப்பார்கள். லேசான தழும்பு தெரியும், விரிசல் ஓடாது. தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? வெளியே மைனஸ் 25, காலையில் ஏறியதும் ஹீட்டரை முழுசாகத் திருப்பி கண்ணாடியில் அடிக்க விடுவோம். உள்ளே சூடு, வெளியே உறைபனி. புள்ளியிலிருந்து கோடு கிளம்பி ஓரம் வரை போய்விடும். ஹீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பனியை இளக்க வெந்நீர் ஊற்றுவதை யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

அமெரிக்காவுக்குள் லோடு எடுக்கிறவர்கள் அங்குள்ள மத்திய விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டியரிங்கின் மேல்விளிம்பு உயரத்துக்கு மேலே, கண்ணாடியின் மேல் ஓரத்தில் 51 மி.மீ., பக்க ஓரங்களில் 25 மி.மீ. கழித்த பகுதியைத்தான் பார்ப்பார்கள். வேறு விரிசல் குறுக்கே வராத ஒற்றைக் கோடு இருக்கலாம். 19 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கும் புள்ளியும் இருக்கலாம், ஆனால் 76 மி.மீ.க்குள் அதே மாதிரி இன்னொன்று இருக்கக் கூடாது. கம்பெனி வண்டி ஓட்டுகிறவர்கள் தினசரி சோதனைத் தாளில் புள்ளியைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். குறிக்காமல் விட்டால் அடுத்த வாரம் அது உங்கள் தலையில் விடியும். சொந்த வண்டி என்றால் இன்சூரன்ஸில் கண்ணாடி தனியாகச் சேர்ந்திருக்கிறதா, எவ்வளவு நம் கையிலிருந்து போக வேண்டும் என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

மார்த்தாண்டத்துத் தம்பி கேட்டது: கிரில்லில் வலை மாட்டலாமா? தாராளமாக. கிரில்லுக்குப் பின்னால் முதலில் கல் வாங்குவது பெரும்பாலும் ஏசி கண்டென்சர், பிறகு டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கடைசியில் ரேடியேட்டர். கண்டென்சர் ஓட்டையானால் வியர்க்கும், அவ்வளவுதான். இன்டர்கூலரில் ஓட்டை விழுந்தால் ஏற்றத்தில் இழுவை போய்விடும். ரேடியேட்டர் போனால் வண்டி நின்றது நின்றதுதான், அதுவும் அடுத்த ஊர் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில். பட்டாணி நுழையாத அளவு கண்ணியுள்ள உலோக வலை போதும். ரொம்ப நெருக்கமான பூச்சி வலை என்றால் காற்று குறையும், கோடையில் பூச்சி அப்பி இன்னும் அடைக்கும், அடிக்கடி கழுவ வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் விடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் முதலில் வலையைப் பாருங்கள். குளிர்காலத்துக்கு கிரில்மேல் கட்டும் கேன்வாஸ் மறைப்பு கல்லையும் தடுக்கும். ஆனால் முழுக்க மூடி வைக்காதீர்கள், இன்டர்கூலருக்குக் காற்று வேண்டும். சினூக் அடிக்கும் நாளில் திறந்துவிடுங்கள்.

பம்பர் விஷயம். அங்கே லாரிகளில் பார்க்கும் பெரிய கம்பி பம்பர் மூஸ் என்ற ராட்சத மானுக்காக. வடக்கு ஆல்பர்ட்டாவில் இரவு ஓடுகிறவர்களுக்கு அது உயிர்க்காவல், மறுக்கவில்லை. ஆனால் கம்பிக்கு நடுவே கல் தாராளமாகப் போகும். எடையும் முன் அச்சில்தான் ஏறும். புது வண்டிகளில் முன்னால் போகும் வண்டியை அளக்கும் ரேடார் பம்பரில்தான் இருக்கிறது, பொருந்தாத கம்பி அதன் கண்ணை மறைக்கும். நாகர்கோவிலில் வெல்டிங் பட்டறையில் அடித்துக் கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் மக்கா. நம் ஊரிலேயே 2017-ல் மத்திய அரசு இந்த மாதிரி கிராஷ் கார்டுகளின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது.

எட்மன்டனில் பிக்கப் வாங்கிய ஆரல்வாய்மொழித் தங்கச்சிக்கு: ஹுட்டின் (நாம் சொல்லும் பானட்) முன்விளிம்பு, பம்பர், கண்ணாடியின் மேல்விளிம்பை ஒட்டிய கூரைப் பட்டை, இந்த மூன்றுக்கும் மட்டும் பெயின்ட் பாதுகாப்புப் படலம் ஒட்டினால் போதும். அது சுமார் 0.2 மி.மீ. பாலியூரித்தேன். சின்னக் கீறல் வெயில் சூட்டில் தானே மறையும், ஆனால் பெரிய கல் கிழிக்கும். செராமிக் கோட்டிங் கல்லைத் தடுக்கும் என்று விற்பார்கள், தடுக்காது. அது கழுவ வசதி, அவ்வளவே. ஹுட்டில் மாட்டும் பிளாஸ்டிக் தடுப்பு விளிம்பை மட்டும் காக்கும். லாரிக்காரர்களுக்குப் பெயின்ட் கவலை குறைவு, நீள மூக்கு லாரிகளின் ஹுட் பெரும்பாலும் ஃபைபர்தான், துரு ஏறாது. பெயின்ட் உதிர்ந்தால் அசிங்கம், ஆபத்தில்லை.

சவூதி போகும் குளச்சல் அண்ணாச்சிக்குக் கதை வேறு. அங்கே கல்லைவிட மணல்தான் எதிரி. கண்ணாடியும் ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் மூடியும் மெல்ல மெல்ல மங்கும், இரவில் எதிர் வெளிச்சம் பட்டால் முன்னால் ஒன்றும் தெரியாது. உலர்ந்த மணலின்மேல் வைப்பரைப் போடாதீர்கள், முதலில் தண்ணீர். ஹெட்லைட் மூடியைப் பாலிஷ் போட்டால் தெளியும், ஆனால் மேல்பூச்சு போய்விடுவதால் திரும்ப ஒரு பூச்சு அடிக்க வேண்டும். கண்ணாடி மங்கியது மங்கியதுதான், மாற்றச் சொல்லி முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் படத்தோடு.