புதுப்பிப்பு: வடக்கும் தெற்கும் இடம் மாறிய டைல்கள், காரணம் கிடைத்தது

கட்டளை வரியில் இறக்கிய வரைபட டைல்களை (வரைபடத்தின் சிறு சதுரப் படங்கள்), அவற்றை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் எம்பிடைல்ஸ் கோப்பாக்கினால் வடக்கும் தெற்கும் இடம் மாறித் தெரிகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

டைல்கள் சரியாகவே இறங்கியிருந்தன. சிக்கல் ஒய் எண்ணில்தான், அதாவது டைல் எந்த வரிசையில் இருக்கிறது என்று சொல்லும் எண்ணில். இணைய வரைபட முகவரிகளில் பெரும்பாலும் ஒய் மேலிருந்து கீழே எண்ணப்படுகிறது. எம்பிடைல்ஸ் கீழிருந்து மேலே எண்ணுகிறது. ஜூம் (பெரிதாக்கும் நிலை) 3-இல் 0 முதல் 7 வரை எட்டு வரிசைகள். 7-இலிருந்து பழைய ஒய்யைக் கழிக்க வேண்டும். அதாவது 2 என்பது 5 ஆகும். ஸ்கிரிப்டில் அந்த ஒரு வரியை மாற்றினேன். வரைபடத்தில் துண்டு துண்டாகக் கிடந்த நதி ஒரே கோடாகச் சேர்ந்ததும் அவ்வளவு நிம்மதி!

அப்புறம், முன்பு சொல்லாமல் விட்ட ஒன்று. தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது டைல் சர்வரிலிருந்து மொத்தமாக இறக்க அனுமதி இல்லை. ஒவ்வொரு ஜூமுக்கும் டைல்கள் நான்கு மடங்காகின்றன. 12-இலிருந்து 16-க்குப் போனால் அதே பரப்புக்கு 256 மடங்கு. நன்கொடையில் ஓடும் சர்வர் மீது அந்தச் சுமையை ஏற்றுவது சரியில்லை. அனுமதி தரும் சர்வர்களில்கூட ஒவ்வொரு கோரிக்கைக்கும் இடையே சற்று நிறுத்தியே இறக்குகிறேன். பெரிய பரப்பு என்றால் மூலத் தரவையே இறக்கி, என் கணினியிலேயே டைல்களை உருவாக்கிக்கொள்கிறேன்.