மழை விட்டும் வீட்டுல ஓத வாடை போகல. மக தலைப்பிரசவத்துக்கு வர்றா, என்ன செய்யலாம்?

குடமுருட்டிக்கரை
எல்லாருக்கும் வணக்கம். திருவையாறு பக்கம் எங்க வீடு. மாமனார் காலத்து ஓட்டு வீடு. ரேழி, முற்றம், கூடம், கூடத்தை ஒட்டி ஒரு காமிரா உள், அதாவது உள்பக்க அறை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வச்சுக் கட்டினது. 2 வருஷம் முன்னாடி உள்பக்கம் முழுக்க எமல்ஷன் பெயிண்ட் அடிச்சோம். அதுலேர்ந்து ஐப்பசி அடைமழை பிடிச்சா, காயாத துணியை மூட்டை கட்டி வச்ச மாதிரி காமிரா உள்ளேர்ந்து ஒரு வாடை கிளம்புது. இப்ப கார்த்திகை முடியப்போகுது, இன்னும் போகல.

தை பொறந்ததும் வளைகாப்பு முடிச்சு மகளைக் கூட்டிட்டு வரணும். படி ஏறினதுமே "நம்ம வீடு"ன்னு அவ மனசு நிறையணும், எனக்கு அவ்வளவுதான் வேணும். ப்ளக்ல சொருகுற மல்லிகை வாசனை போட்டேன். மல்லிகையும் ஓதமும் கலந்து தலைவலிதான் வந்துச்சு. வெட்டிவேர்த் தட்டி கட்டி தண்ணி தெளிச்சேன், நாலாம் நாள் தட்டியே பூசணம் பிடிச்சுப்போச்சு. சாம்பிராணி போட்டா ஒரு மணி நேரம் நல்லா இருக்கு, ஆனா மாமியாருக்கு இளைப்பு, பாவம் இருமித் தள்ளிடறாங்க. பீரோவுல அந்துருண்டை போட்டிருக்கேன். வேற என்ன வாங்கிப் போடலாம், சொல்லுங்க.

அரசலாறு
அக்கா, இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. வாடை சுவத்துல இருக்குன்னு நினைக்கிறேன். காரைச் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சும், காத்து பட்டா தானே வெளிய விட்டுடும். எமல்ஷன் அதும்மேல பிளாஸ்டிக் தோல் போர்த்தின மாதிரி. ஈரம் போக வழியில்லாம உள்ளயே நின்னு பூசணத்தை வளக்குது. எங்க கும்பகோணத்து வீட்டுலயும் இதே கதைதான். பீரோவைக் கொஞ்சம் நகத்திட்டு பின்பக்கச் சுவத்தைப் பாருங்க. அடியில பெயிண்ட் கொப்புளிச்சு வெள்ளையா உப்பு பூத்திருந்தா வேற சந்தேகமே வேண்டாம்.

குடமுருட்டிக்கரை
தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களைக் கூப்பிட்டு நகத்தினோம். முழங்கால் உயரம் வரைக்கும் கடுகு தெளிச்ச மாதிரி கறுப்புப் புள்ளி. நகத்தால நெம்பினா பெயிண்ட் அப்பளமா உடைஞ்சு விழுது, உள்ள காரை விரல்ல ஈரமாவு மாதிரி ஒட்டுது. பீரோ முதுகுப் பலகையும் கறுத்துப்போச்சு. மகளோட சின்ன வயசுப் பட்டுப்பாவாடை அதுலதான் இருந்துச்சு. மடிப்பு ஓரமெல்லாம் புள்ளி. பாத்ததும் அழுகையே வந்துடுச்சு.

அரசலாறு
மனசை விடாதீங்க அக்கா. கொப்புளிச்ச இடம் முழுக்கச் சுரண்டிடுங்க. மூக்கைத் துணியால நல்லாக் கட்டிக்குங்க, ஜன்னலைத் தொறந்து வைங்க, மகள் வர்றதுக்கு முன்னாடியே இந்த வேலை முடிஞ்சிருக்கணும். வெயில் அடிக்கிற நேரம் கதவு ஜன்னல் தொறந்திருக்கட்டும், மழை நேரத்துல மூடிடுங்க. பீரோவுக்கும் சுவத்துக்கும் ஒரு சாண் இடைவெளி வேணும். ஓட்டுத் தண்ணி முற்றத்துலேர்ந்து ஒழுங்கா வெளிய ஓடுதா, தண்ணி போற தாரை அடைச்சிருக்கான்னும் பாத்துடுங்க. இப்ப மறுபடி பெயிண்ட் மட்டும் அடிச்சிடாதீங்க. பங்குனி வெயில்ல சுவர் காஞ்சதும் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீத்து, மெலிசா 3 கை அடிங்க. சுண்ணாம்போட காரத்துல பூசணம் லேசுல பிடிக்காது. சுவரும் மூச்சு விடும்.

நாட்டுமருந்துக்கடை
வெட்டிவேர் மேல தப்பில்லைம்மா, அதுக்குக் காலம் இது இல்ல. சித்திரை வைகாசி அனல்ல நனைச்சுக் கட்டினா காத்து குளுந்து வாசமா வரும். அடைமழையில நனைச்சா இருக்கற ஈரத்தோட இன்னும் ஈரம் சேரும். வாசம் வேர்ல இருக்கற எண்ணெய்லதான் இருக்கு, அதனால காஞ்ச வேரை ஒரு கைப்பிடி மல்துணியில முடிஞ்சு துணிகளுக்கு நடுவுல வச்சாலே போதும். வேர் மொறமொறன்னு இருக்கணும். வளைச்சா உடையாம மடங்குதுன்னா ஈரம் இருக்கு, வாங்காதீங்க.

மாயவரம் செவிலி
அம்மா, அந்துருண்டையை இன்னைக்கே எடுத்துடுங்க, தள்ளிப்போடாதீங்க. அது நாஃப்தலீன். ரத்தச் சிவப்பணுவைக் காக்கற ஜி6பிடிங்கற நொதி குறைவா இருக்கற பச்சைக்குழந்தைக்கு அந்த வாடை பட்ட துணியைப் போத்தினாக்கூட ரத்தச் சிவப்பணு உடைஞ்சு மஞ்சக்காமாலை கடுமையாகலாம். எந்தக் குழந்தைக்குக் குறைவுன்னு முகத்தைப் பாத்துச் சொல்ல முடியாது. பீரோவுல இருக்கற பழைய வேட்டி, புடவையெல்லாம் துவைச்சு வெயில்ல நல்லாக் காயவச்ச பிறகுதான் குழந்தைக்குத் துணியா கிழிக்கணும்.

வெண்ணாறு
பிள்ளை பெத்த வீட்டுல சாம்பிராணி இல்லாம எப்படி? எங்க ஆத்தா கொட்டாங்கச்சிக் கரியில கட்டிச் சாம்பிராணி போட்டுத்தான் எங்க எல்லாருக்கும் தலை காயவச்சாங்க.

மாயவரம் செவிலி
உங்க ஆத்தா கை பாசம் எனக்குப் புரியுதுங்க. ஆனா எந்தப் புகையும் பச்சைக்குழந்தை நுரையீரலுக்கும் இளைப்புக்காரங்களுக்கும் ஆகாது. மூடின அறையில கரி நெருப்பு வச்சா வாடையே தெரியாம கார்பன் மோனாக்சைடு சேரும். அது உயிருக்கே ஆபத்து. தலையை மெல்லிசுத் துணியால ஒத்தி எடுத்தாலே காஞ்சிடும்.

நாட்டுமருந்துக்கடை
நானும் அதைத்தான் சொல்வேன், நான் சாம்பிராணி விக்கிறவன். சுமத்ரா பக்கத்து மரப்பட்டையைக் கீறி எடுக்கற பிசின் அது, வாசத்துக்குக் கேக்கவே வேண்டாம். ஆனா வாசம்தான் வேணும்னா தஞ்சாவூர்க் கதம்பம் ஒரு முழம் வாங்கி நிலைப்படியில தொங்க விடுங்க. மருக்கொழுந்து வாடினாலும் மணக்கும்.

குடமுருட்டிக்கரை
12 நாள் ஆச்சு, எழுதணும்னு வந்தேன். தாரையில இலை அடைச்சு, தண்ணி காமிரா உள் சுவத்தடியிலதான் நின்னிருக்கு. எடுத்துட்டோம். பெயிண்ட்டைச் சுரண்டினதுல 4 சாக்கு குப்பை. அந்துருண்டையை அன்னைக்கே எடுத்தாச்சு. வாடை பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு, ஆனா சுவர் இன்னும் காயல. அதனால அந்த அறையில இந்தத் தடவை யாரையும் படுக்கவிடப்போறதில்ல. மகளுக்கு ரேழியை ஒட்டின அறை, காத்து நல்லா வரும். கொல்லையில பவழமல்லி இன்னும் உதிருது. விடியக்காலம் மாமியாரே பொறுக்கிட்டு வந்து பித்தளைத் தாம்பாளத்துல தண்ணி ஊத்தி, மகள் அறை ஜன்னலோரம் மிதக்க விடறாங்க. இப்ப இருமல் இல்ல.

பட்டுப்பாவாடையை வெயில் காட்டி மெல்லிசு பிரஷ்ஷால தட்டியாச்சு. ஓரப் புள்ளி மட்டும் போகல. யாருக்காவது கைவைத்தியம் தெரிஞ்சா சொல்லுங்க.