பண்டார வன்னியன் வாழ்க்கைக் குறிப்பு: இறந்த திகதியாக எதைப் போடுவது?

மாங்குளம் ரீச்சர்:
எங்கள் பள்ளிக்கூட நூலகச் சுவரில் மாட்டுவதற்காக, தரம் 8 பிள்ளைகள் ஆளுக்கொரு பெரியவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறார்கள். தனிநாயகம் அடிகளை எடுத்த பிள்ளை ஒரே இருப்பில் முடித்துவிட்டாள். 1913 ஆகஸ்ட் 2 கரம்பொனில் பிறப்பு, 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு, 1980 செப்டெம்பர் 1 மறைவு. பிரித்தானியரை எதிர்த்து நின்ற வன்னித் தலைவர் பண்டார வன்னியனை எடுத்த பொடியன்தான் திண்டாடுகிறான். அவன் தாளில் "1803 ஒக்டோபர் 31இல் வீரமரணம்" என்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பவனோ, அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தவர் என்று தன் அம்மப்பா சொன்னதாகச் சண்டை பிடிக்கிறான். காக்கை வன்னியன் என்பவன் அவரைக் காட்டிக்கொடுத்த கதையும் வேண்டுமாம். எங்கள் மண்ணின் மனிதர், பிழையாக எழுதி மாட்ட மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கற்சிலைமடுவான்:
ரீச்சர், அந்தத் திகதி எங்கள் ஊர் நடுகல்லால் வந்தது. பிரித்தானியர் காலத்துக் கல். பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டார வன்னியனை இந்த இடத்துக்குக் கிட்டத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31, அவ்வளவுதான் அதில் வெட்டியிருக்கிறது. சாவைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. தோல்வி நடந்த நாளையே ஆட்கள் இறந்த நாளாக்கிவிட்டார்கள். பிறகு காயப்பட்டு, பனங்காமத்தில் உயிர்விட்டார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மப்பாவின் பேச்சைத் தட்டிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், சாவை விட்டுவிட்டு ஆகஸ்ட் 25ஐப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். 1803 ஆகஸ்ட் 25 முல்லைத்தீவை அடித்துப் பிடித்த நாள். அங்கே காவலுக்கு இருந்தவரும் இதே டிரிபேர்க்தான். படகேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். கண்டியில் இருந்த வெள்ளைக்காரப் படை அழிந்தது அந்த வருடம் ஜூனில். அதாவது இரண்டு மாதத்துக்கு முன்னர். கண்டி அரசின் ஆதரவும் வன்னியனுக்கு இருந்தது. இதை எழுதாமல் விட்டால் அவர் காட்டுக்குள் தனியாக நின்று வாள் வீசியவர் போலத் தெரியும். காலம் பார்த்து அடித்த தலைவன் அவர்! பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை வந்து நெருக்கியது. அப்புறம்தான் கற்சிலைமடு.

காக்கை வன்னியன் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம், அதாவது போர்த்துக்கேயரிடம், காட்டிக்கொடுத்தவனுக்கும் அதே பெயர்தான், யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூலில் இருக்கிறது. அந்த நூலே 1736 அளவில் எழுதப்பட்டது. பண்டார வன்னியன் சண்டைக்கு அறுபது வருடத்துக்கு மேல் முந்தியது. பழைய துரோகியின் பெயர் பிந்திய கதைக்குள்ளும் வந்து ஏறியிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். கதையை விடவேண்டாம், "ஊரில் சொல்வார்கள்" என்று ஒரு வரி போடட்டும்.

பொடியன் இப்படித் தொடங்கலாம்: "பண்டார வன்னியன் வன்னியை ஆண்ட கடைசித் தலைவர்களில் ஒருவர். 1803 ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவிலிருந்து பிரித்தானியப் படையைத் துரத்தினார். அதே வருடம் ஒக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுவில் தோல்வியடைந்தார்." மிச்சத்தை அவன் தன் சொல்லில் எழுதட்டும்.

பனங்காமம்:
அண்ணை சொன்னது சரி. லூயிஸ் துரை 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டை ரீச்சர் ஒருக்கால் பாருங்கள். அரசாங்க உத்தியோகத்தர் எழுதியது, எதிர்ப்பக்கத்தின் பார்வை. ஆனாலும் பிள்ளைகளின் கதைப்புத்தகங்களை விட அதில் பிடிமானம் அதிகம்.

இன்னொன்று. பெண்பிள்ளைகளில் ஒருவரிடம் வன்னிச்சி, அதாவது வன்னித் தலைவி, மரியா செம்பாத்தையைக் கொடுங்கள். பண்டார வன்னியனுக்கு முந்தியவர். ஒல்லாந்தர் வன்னியைப் பிடிக்க வந்தபோது எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். பிடித்துக்கொண்டுபோய்க் கொழும்புக் கோட்டைக்குள் சிறை வைத்தார்கள். ஒரு பெண்ணை அவ்வளவு தூரம் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார்கள் என்றால், இங்கே விட்டுவைக்க எவ்வளவு பயந்திருப்பார்கள்? எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே அவர் பெயர் தெரியாது, எனக்கு அதுதான் பெரிய கவலை. நாலு வரிதான் வரும். வந்தால் போதும்.

மாங்குளம் ரீச்சர்:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இறந்த திகதி என்ற இடத்தையே எடுத்துவிட்டோம். அம்மப்பா சொன்னதை அவர் பெயரோடு சேர்க்கிறோம். செம்பாத்தையை எழுத ஒரு பிள்ளை உடனே கை தூக்கினாள். கற்சிலைமடு அண்ணை, பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அந்த நடுகல்லடிக்குக் கூட்டிவந்தால் நீங்கள் நின்று சொல்லித் தருவீர்களா?

கற்சிலைமடுவான்:
கட்டாயம் ரீச்சர். வெயில் ஏற முதல் வாருங்கள், தாளும் பென்சிலும் கொண்டுவரட்டும். கல்லில் உள்ளதை அவர்களே பார்த்து எழுதட்டும்.