மன் போய் வர ஒரே ஆள் கேப்சூல்: எம்கே-1 பாடா, வெறும் சீட்டா?

ஆரஞ்சுசூட்

ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில், மாட் (mod) எனும் கூடுதல் மென்பொருள் எதுவும் சேர்க்காத ஸ்டாக் ஆட்டத்தில், ஒரு ஆளைக் கெர்பின் கிரகத்தின் நிலவான மன் வரை அனுப்பித் திருப்பிக் கொண்டுவர எம்கே-1 கமாண்ட் பாட் (ஆள் அமரும் மூடிய கூம்பு அறை) தேவையில்லை என்பது என் வாதம்.

பாட் 0.84 டன், 1.25 மீட்டர் ஹீட்ஷீல்ட் 0.3, எம்கே-16 பாராசூட் 0.1. மொத்தம் 1.24 டன்.

இதற்குப் பதில் வெளிப்புற கமாண்ட் சீட் 0.05, அதில் உட்காரும் கெர்பல் (ஆட்டத்தின் விண்வெளி வீரர்) சுமார் 0.09, அப்லேட்டரை (எரிந்து வெப்பத்தைக் கொண்டுபோகும் பூச்சு) 50 யூனிட்டாகக் குறைத்த அதே ஷீல்ட் 0.15, மூடி வைக்க ஒரு சின்ன ஃபேரிங் (கழற்றக்கூடிய உறை) 0.11, பக்கவாட்டில் ஒட்டும் எம்கே-2ஆர் பாராசூட் 0.1. மொத்தம் 0.5 டன்.

இரண்டுக்கும் கீழே ஒரே ஸ்டேஜ்: டீகப்ளர் (ஸ்டேஜைப் பிரித்துவிடும் பாகம்) 0.04, எஃப்எல்-டி200 டேங்க் 1.125, டெரியர் இன்ஜின் 0.5. டெரியரின் வெற்றிட ஐஎஸ்பி (எரிபொருள் சிக்கன அளவு) 345 நொடி. பாட் வைத்தால் டெல்டா-வி (மொத்தம் மாற்றக்கூடிய வேகம்) 1,428 மீ/நொடி, சீட் வைத்தால் 2,097. மன்னின் தாழ்வான சுற்றுப்பாதையிலிருந்து தரையிறங்க சுமார் 580 போதும். அந்த இறக்கம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது, மேலே மிச்சமும் இருக்கிறது.

ரெட்ரோபர்ன்

கணக்கு ஒருதலையா இருக்கு நண்பரே. பாடுக்குள்ள 5 கிலோநியூட்டன்-மீட்டர் ரியாக்‌ஷன் வீலும் (கலத்தைத் திருப்பும் சுழல்சக்கரம்) 50 யூனிட் மின்சாரமும் இருக்கு. சீட்ல ரெண்டும் கிடையாது. டெரியர் எரியும்போது அதோட கிம்பல் (முனையைச் சாய்க்கும் அமைப்பு) திருப்பிக் கொடுக்கும், சரி. டீகப்ளரைப் பிரிச்ச பிறகு ஷீல்டை வேகத்தின் திசைக்கு நேரா யார் பிடிச்சு வைப்பாங்க? சின்ன ரியாக்‌ஷன் வீல் 0.05, இசட்-100 பேட்டரி 0.005 சேருங்க. 0.555 டன் ஆச்சு, டெல்டா-வி 2,025க்கு இறங்கிடும்.

அடுத்து, சீட்டுக்கு மட்டும் அப்லேட்டரைக் குறைச்சுட்டு பாடுக்கு 200 யூனிட் அப்படியே விட்டிருக்கீங்க. பாடுக்கும் 50 வைங்க, உள்ளே இருக்கிற 10 யூனிட் மோனோப்ரொப்பெல்லன்ட்டையும் (சின்ன உந்திகளுக்கான எரிபொருள்) எடுங்க. 1.05 டன், 1,554 மீ/நொடி. உண்மையான வித்தியாசம் 670 இல்ல, 471. அதாவது உங்க இலவச இறக்கம் முழுசாக் கிடைக்கல.

மெர்க்குரி7

மோனோப்ரொப்பெல்லன்ட்டை எடுக்கச் சொல்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன். அது வெறும் 40 கிலோ. பாடில் நான்கு ஆர்சிஎஸ் (சின்ன திசைமாற்று உந்தி) முனைகள் ஒட்டி, மொத்தம் 1.4 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்பி 240 நொடிக்கு அந்த 10 யூனிட் சுமார் 68 மீ/நொடி தரும். கெர்பினில் 80 கிமீ வட்டப் பாதையிலிருந்து பெரியாப்சிஸை (பாதையின் மிகத் தாழ்ந்த புள்ளி) 30 கிமீக்கு இறக்க 44 போதும். டெரியர் எரிபொருள் தீர்ந்துபோனாலும் ஆள் வீடு திரும்பலாம் என்பதற்கு 40 கிலோ மலிவான விலை.

அமெரிக்கா முதலில் ஆள் அனுப்பிய நிஜ மெர்க்குரி விண்கலத்திலும் இதே சிந்தனைதான். சுற்றுப்பாதையில் சுமார் 1.36 டன், அடிப்பக்க விட்டம் 1.89 மீட்டர். ஷீல்டுக்கு மேல் பட்டை போட்டுக் கட்டிய மூன்று திட எரிபொருள் ராக்கெட்டுகள்தான் அதைக் கீழே இறக்கின. திரும்புவதற்கான வழியை ஏவு ராக்கெட்டிடம் விடவில்லை, கேப்சூலே சுமந்தது.

ஆர்சிஎஸ் வேண்டாம் என்றால் செப்ரட்ரான் என்ற சின்ன திட எரிபொருள் ராக்கெட் இரண்டு ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 8 யூனிட் முழுக்க விட்டால் 137 மீ/நொடி வரும், அது அதிகம். கட்டும் கூடத்தில் ஸ்லைடரை இழுத்து 3 யூனிட்டாக்கினால் 53 மீ/நொடி. முனை ஷீல்ட் பக்கம் பார்க்க வேண்டும். பாடின் அடிவிளிம்பில் ஒட்டினால் ஷீல்டின் நிழலைத் தாண்டி நீட்டிக்கொண்டு சூடாகும். கூம்பு குறுகும் மேல்பாதியில் ஒட்டுங்கள். சாய்வால் உந்துவிசை கொஞ்சம் வீணாகும், ஆனால் புகைச்சீற்றம் ஷீல்ட் விளிம்பில் படாது.

ஆரஞ்சுசூட்

வீலும் பேட்டரியும் சரி, சேர்த்துக்கொள்கிறேன். 471 மீ/நொடி என்பதும் சின்ன எண் இல்லை. அதே செப்ரட்ரானை என் வடிவத்தில் ஒட்டினால் இன்னும் அதிகம் தள்ளும், எடை பாதிதானே.

மறுநுழைவிலும் எடை குறைவுதான் எனக்குச் சாதகம். 1.25 மீட்டர் முகப்பு இரண்டுக்கும் ஒன்றே. 0.555 டன் கேப்சூல் 1.05 டன் பாடைவிட உயரத்திலேயே, காற்று மெலிதாக இருக்கும்போதே வேகத்தை இழக்கும். மன்னிலிருந்து திரும்பும்போது காற்றின் விளிம்பில் சுமார் 3,160 மீ/நொடி. அதற்கு 50 யூனிட் அப்லேட்டர் தாங்கும்.

மெர்க்குரி7

உயரத்தில் வேகம் குறையும் என்பது உண்மை. உச்ச வெப்பம் ஏறக்குறைய பாலிஸ்டிக் கோயஃபிஷியன்ட்டின் (காற்று இழுவைக்கு எதிரே எடை எவ்வளவு என்ற அளவு) வர்க்கமூலத்தோடு குறைகிறது, அதனால் கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே மிச்சம். ஆனால் உச்ச ஜி (வேகம் குறையும்போது ஆளை அழுத்தும் விசை) குறையாது. அது நுழைவுக் கோணத்தையும் வேகத்தையும் பொறுத்தது. பெரியாப்சிஸை 20 கிமீயில் வைத்துவிட்டு லேசான கேப்சூல் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். 30 முதல் 35 கிமீக்குள் வையுங்கள்.

தாழ்வான பாதையிலிருந்து மட்டும் திரும்புவதானால் இந்த விவாதமே வேண்டாம். கெர்பினைச் சுற்றும் வேகம் 2,280 மீ/நொடி, பூமிக்கு 7,800. ஒரு கிலோவுக்கான இயக்க ஆற்றல் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. அப்லேட்டரே இல்லாத வெறும் 0.1 டன் ஷீல்ட் போதும்.

ரெட்ரோபர்ன்

வெப்பத்தை விடுங்க, உங்க வடிவம் சாகிற இடம் பாராசூட். ஃபேரிங்குக்குள்ள வெச்ச பாராசூட் திறக்காது. மூடி வெச்சிருக்கும்போது விரிக்க முடியாதுன்னு ஆட்டமே தடுத்துடும். வெளியே ஒட்டலாம்னா ஃபேரிங் அடித்தட்டு மெல்லிசு. எம்கே-2ஆர் ஷீல்டுக்கு வெளியே தலையை நீட்டும், நேரா பிளாஸ்மால நிக்கும்.

இன்னொண்ணு, கவிழ்றது. கெர்பல் நிமிர்ந்து உட்கார உயரம் வேணும்னு ஃபேரிங்கை நீளமா இழுப்பீங்க. ஷீல்ட்ல அப்லேட்டரையும் குறைச்சுட்டீங்க, கீழ்ப்பக்கம் எடையே இல்ல. நிறை மையம் மேல ஏறும். 40 கிமீ உயரத்துல வீல் திணற ஆரம்பிக்கும், 30 கிமீ வர்றதுக்குள்ள கூர்முனை முன்னால திரும்பிடும். அப்புறம் ஷீல்ட் பின்னாடி சும்மா வரும்.

ஆரஞ்சுசூட்

இரண்டுக்கும் தீர்வு உண்டு. வீல், பேட்டரி, பாராசூட் மூன்றும் ஃபேரிங் அடித்தட்டை ஒட்டியே கீழே இருக்கட்டும், சீட் அதற்கு மேல். ஃபேரிங்கை உயர்த்தாமல், ஹெல்மெட் உரசாத அளவுக்கு மட்டும் இழுத்து மழுங்கலாக மூடுங்கள். கட்டும் கூடத்தில் நிறை மையக் குறியைப் பாருங்கள். அது மொத்த உயரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருந்தால் கவிழாது. மேலே போனால் அப்லேட்டரை 100க்கு ஏற்றுங்கள், 0.05 டன்தான் கூடும். அது சரியான இடத்தில் விழும் எடை.

ஸ்டேஜ் வரிசை: முதலில் டீகப்ளர், அடுத்து ஃபேரிங், கடைசியில் பாராசூட். ஃபேரிங்கையும் பாராசூட்டையும் ஒரே ஸ்டேஜில் வைக்காதீர்கள். வேகம் 250 மீ/நொடிக்குக் கீழ் வந்த பிறகே ஃபேரிங்கைக் கழற்றணும். அதற்கு முன் கழற்றினால் கெர்பலின் மேல் நேரடியாகக் காற்று அடித்து கேப்சூல் சுழலும். ஃபேரிங்கை இரண்டு துண்டாகப் பிளக்கும்படி அமைத்தால் துண்டு தலையில் மோதும் வாய்ப்பும் குறைவு.

ரெட்ரோபர்ன்

அப்போ 250 மீ/நொடிக்கும் பாராசூட் முழுசா விரியும் 1,000 மீட்டருக்கும் நடுவுல ரெண்டு வேலை. 4,000 மீட்டர் மலை மேல இறங்கினா அந்த வேகம் வர்றதுக்கே இடம் இருக்குமான்னு பாருங்க. பாடுல பாராசூட் முதல்லேர்ந்தே வெளிக்காத்துல இருக்கு. ஐகான் சிவப்பு போனதும் ஒரே தட்டு. தரையில மோதும்போதும் பாட் 14 மீ/நொடி வரை தாங்கும்.

மன்னில் இறங்கி ஏறணும், கடைசி 400 மீ/நொடி எங்கேயும் கிடைக்கலன்னா சீட் எடுங்க, தப்பில்ல. சுத்திட்டு வர்றதுக்கு மட்டும்னா எஃப்எல்-டி200க்குக் கீழ இன்னொரு டேங்க் போடுங்க. அதுக்குத் தர்ற விலை 1.125 டன், ஆளோட உயிர் இல்ல.

ஆரஞ்சுசூட்

அந்த 1.125 டன்னைச் சுற்றுப்பாதைக்கு ஏற்ற கீழ் ஸ்டேஜும் பெருக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டீர்கள். மலைக்கு ஒரு வழி: டீஆர்பிட்டை (சுற்றுப்பாதையிலிருந்து இறக்கும் எரிப்பு) கடல் மேல் விழும்படி நேரம் பார்த்து எரியுங்கள். கெர்பினில் நீர்ப்பரப்பு தாராளமாக இருக்கிறது. அப்படியும் பயமாக இருந்தால் பாராசூட்டின் முழு விரிப்பு உயரத்தை 1,000 மீட்டரிலிருந்து 2,000க்கு ஏற்றி வையுங்கள், அந்த ஸ்லைடர் எம்கே-2ஆரிலும் உண்டு.